செருப்பைக் கையில் எடுத்த இடம்

சில மாதங்களுக்கு முன்பு ஆய்வு மாணவர்கள் நாலைந்து பேர் தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். எங்களில் ஒருவர் அப்போதுதான் புல்லட்டில் லடாக் போய்த் திரும்பியிருந்தார். மலை, பனி, தனிமை என்று நிறையச் சொன்னார். நல்ல மனிதர், சொன்னதில் பொய்யில்லை. கடைசியாக, "இந்த ட்ரிப்புக்கு அப்புறம் நான் வேற ஆளு. பயணம் போகாதவங்களுக்கு மனசு விரியாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எங்கெல்லாம் போயிருக்கே?" என்று கேட்டார். "கும்மிடிப்பூண்டி வரைக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் ஓட்டிய வண்டியின் பூர்வீகம் எங்கள் ஊர்தான். 1950-களின் நடுவிலிருந்து திருவொற்றியூர் ஆலையில் என்பீல்டு வண்டிகள் உருவாகி வந்தன. இன்று உற்பத்தியின் பெரும்பகுதி ஒரகடம் பக்கம் போய்விட்டது. புல்லட்டின் டாங்கில் ஓடும் தங்கநிறக் கோட்டைத் தூரிகையால் கைப்பட இழுப்பது அந்த ஆலையின் பெருமை. அங்கே வேலைக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். அவர்களில் யாரும் லடாக் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வருவார்கள்.

சிரித்துவிட்டு வந்தேனே தவிர, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பயணம் மனிதரை மாற்றும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதைப் பார்த்து வருகிறேன். ஆனால் மாற்றுவது தூரமா, காட்சியா, வேறு ஏதாவதா என்பதில்தான் சந்தேகம்.

தாத்தாவிடமிருந்து தொடங்குகிறேன். 1940-களின் இறுதியில் வாலாஜா பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மெட்ராஸுக்கு வந்தவர். ஹார்பரில் மூட்டை தூக்கினார். வந்த முதல் வருடமே சேர்த்த காசில் ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கினாராம். அவர் ஊரில் சேரிக்காரர்கள் யாரும் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. பொங்கலுக்குப் போகும்போது சென்ட்ரலில் செருப்போடு ரயிலேறுவார். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் செருப்போடு இறங்குவார். அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் நடை. வழியில் ஒரு புளியமரம். அதனடியில் நின்று செருப்பைக் கழற்றி, துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். திரும்பி வரும்போது அதே மரத்தடியில் மறுபடி போட்டுக்கொள்வார். "மரத்துக்கு இந்தாண்ட நான் மெட்ராஸ்காரன். அந்தாண்ட..." என்று சொல்லி நிறுத்திவிடுவார். மிச்சத்தை ஆயாதான் முடித்துவைப்பாள், இங்கே எழுத முடியாத சொற்களில்.

ரயிலில் அவர் முதுகு நிமிர்ந்திருக்கும், மரத்தைத் தாண்டியதும் வளைந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பயணம் ஆளுமையை மாற்றும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. போகும்போது ஒருவர், திரும்பும்போது ஒருவர். மாறுகிற இடத்தைக்கூட மரம் வைத்துக் காட்ட முடிந்தது.

தாத்தா போய்வந்த அந்த ரயில் தடத்தின் முதல் முனை எங்கள் ராயபுரம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத்தான் ஓடத் தொடங்கியது. சுமார் 100 கிலோமீட்டர். தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பழைய நிலையக் கட்டடத்தை இன்றும் ரயில் சன்னலிலிருந்து பார்க்கலாம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1853-இல், கார்ல் மார்க்ஸ் இந்திய ரயில்வேயைப் பற்றி எழுதினார். ரயிலோடு வரும் நவீனத் தொழில், சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். பாதி சரிதான். சீட்டு வாங்கியவர் எவரும் பெட்டியில் ஏறலாம் என்ற விதி, அதுவரை இந்த மண் பார்க்காத விதி. தாத்தாவின் செருப்புக்கு அந்தப் பெட்டியில் இடமிருந்தது. ஆனால் பெட்டியிலிருந்து இறங்கிச் சாப்பிடப் போனால்? ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணாளுக்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம் என்றிருந்தது. சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து போராடிய பிறகு 1941-இல்தான் அது ஒழிந்தது. ராயபுரத்தில் முதல் விசில் ஊதி 85 வருடங்கள் கழித்து! தண்டவாளம் வாலாஜாவைத் தாண்டி இந்தியா முழுக்கப் போய்விட்டது, சாப்பாட்டு மேசையைத் தாண்ட அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

பயணத்தைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் படிக்கச் சொன்னால் அண்ணல் அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வைத்தான் கொடுப்பேன். தலைப்பே பயணத் தாளின் பெயர். 1901-இல் ஒன்பது பத்து வயதுச் சிறுவனாக, அண்ணனோடும் அக்கா மகன்களோடும் அப்பாவைப் பார்க்க ரயிலேறுகிறார். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, முதல் ரயில் பயணத்தின் துள்ளல். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள், அழைத்துப்போக யாரும் வரவில்லை. நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி அன்போடுதான் விசாரிக்கிறார். யார் நீங்கள் என்று கேட்கிறார். மகர்கள் என்று உண்மையைச் சொன்னதும் அவர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். வழியெல்லாம் கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. உண்ணாமலே தூங்குகிறார்கள்.

அந்த நூலில் என்னை அதிகம் உலுக்குவது அடுத்த பகுதி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த ஐந்தாண்டுகள், தான் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பையே தன் மனதிலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்று எழுதுகிறார். அங்கே யாரும் கேட்கவில்லை, அதனால் நினைப்பும் இல்லை. கொலம்பியாவும் லண்டனும் பார்த்த அந்த மனிதர் பரோடா நிலையத்தில் இறங்கியதும் அவருக்கு வந்த முதல் கவலை, எங்கே தங்குவது, யார் சேர்ப்பார்கள் என்பது. பார்சி விடுதியில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்குகிறார். பதினோராம் நாள் காலை தடியோடு ஒரு கூட்டம் வந்து யார் நீ என்று கேட்கிறது. ஐந்து வருடப் பயணம் துடைத்ததை ஒரு காலைப்பொழுது திரும்ப எழுதிவிட்டது.

பயணத்தில் மனம் விரிகிறதா சுருங்குகிறதா என்பது எத்தனை கிலோமீட்டர் போனோம் என்பதில் இல்லை என்று நான் நினைக்கத் தொடங்கியது இதைப் படித்த பிறகுதான். இறங்கும் இடத்தில் 'நீ யார்?' என்ற கேள்வி காத்திருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

எங்கள் கடற்கரையிலிருந்து கிளம்பிய கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1860 அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கப்பல் அதுதான். 342 பேர். அப்போது இங்கே துறைமுகம்கூடக் கட்டப்படவில்லை. அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளில் கொண்டுபோய்த்தான் கப்பலில் ஏற்ற வேண்டும். நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பயணிகள் பட்டியலில் பெயர், வயது, ஊரோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஏறும்போதே கேட்டுவிட்டார்கள். ஆனால் கடலுக்கு நடுவே சாதிக்கொரு அடுப்பு மூட்ட முடியாது. ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக வாந்தியெடுத்து, ஒன்றாகச் செத்தவர்களுக்குள் கப்பல் உறவு என்ற புது உறவு பிறந்தது. அந்தக் கட்டத்தில் வேறொன்றைச் சொல்லிப் புது வாழ்க்கை தொடங்கியவர்களும் உண்டு.

அதே நூற்றாண்டில் அதே தமிழர்கள் பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். அங்கே கங்காணி முறை. கங்காணி தன் ஊரிலிருந்து, தன் உறவிலிருந்து, தன் பிடியிலிருந்த சாதிகளிலிருந்து கூட்டமாக ஆள் சேர்த்துப் போனார். லயன் அறைகள்கூடச் சாதிவாரியாகப் பிரிந்தன. ஊரே இடம்பெயர்ந்தது, புளியமரத்தையும் பிடுங்கிக்கொண்டு! நேட்டாலின் தூரமும் கண்டியின் தூரமும் ஒன்றல்ல என்று வாதாடலாம். ஆனால் தூரம் மட்டுமே காரணமென்றால் கலிபோர்னியாவில் சாதி போயிருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டிய தேவை வந்திருக்காது. யாரோடு போகிறோம், எந்த ஏற்பாட்டில் போகிறோம் என்பதே தீர்மானிக்கிறது. விமானத்தில் 23 கிலோவுக்கு மேல் போனால் காசு கேட்கிறார்கள். சாதிக்கு எடை போடுவதில்லை.

கணிதமேதை இராமானுஜன் எங்கள் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். 1914 மார்ச் 17 அன்று இங்கிருந்துதான் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு ஆகாது என்பதால் அவர் போவதற்கே பெரும் தயக்கம். போகுமுன் குடுமியை எடுத்தார். கேம்பிரிட்ஜில் கடைசிவரை தன் சமையலைத் தானே பார்த்துக்கொண்டார், அதில் உடம்பும் கெட்டது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தன் பிள்ளையையே கடல் கடந்ததற்காகச் சந்தேகத்தோடு பார்த்த ஓர் அமைப்பின் கதை அது. சாதி தன் மேல்தட்டுக்கும் பயணத்தைத் தடுத்தது, காரணம்தான் வேறு. போனவன் கலந்துவிடுவான் என்ற பயம்.

1900-இல் கப்பலேறிய இரட்டைமலை சீனிவாசனை இங்கே சேர்க்காமல் இருக்க முடியாது. ஆப்பிரிக்காவுக்குப் போய், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினராகி 1924-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் என்ன தெரியுமா? பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதையும் பயன்படுத்த எந்தச் சாதியாருக்கும் தடை கூடாது என்பது. பெருங்கடலைத் தாண்டி வந்த மனிதர், தன் மக்கள் அக்கிரகாரத் தெருவைத் தாண்ட உரிமை கேட்டார்! பயணம் அவருக்குக் கொடுத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். கேட்கப்படாத தெருக்கள் உலகத்தில் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டவருக்கு, கேட்கிற தெரு இயற்கை இல்லை என்று தெரிந்துவிடுகிறது. பின்னால் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் ரத்து என்று உத்தரவிட்டதும் இதே வழிதான்.

இனி என் பங்கு. எம்.ஃபில் படிப்புக்காகத் தென்சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது, தினமும் திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறுவேன். வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், பிறகு கடற்கரை நிலையம். அங்கே தாம்பரம் வண்டிக்கு மாற வேண்டும். முதல் வாரம் வகுப்பில் ஒரு கேள்விக்கு "இன்னா சார்?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு. பேராசிரியரும் சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லை, சினிமாவில் கேட்டுச் சிரித்துப் பழகிய சிரிப்பு. அடுத்த வாரத்திலிருந்து நானாகவே ஒரு பழக்கத்துக்கு வந்தேன். ராயபுரம் வரை அலைபேசியில் 'இன்னா', 'இட்டாந்து', 'அப்பால'. கடற்கரை நிலையத்தில் படியேறி இறங்கினால் 'என்ன', 'கூட்டிக்கொண்டு', 'அப்புறம்'. வீட்டில் நைனா என்று கூப்பிடுகிற மனிதர், பிளாட்பாரம் மாறியதும் அப்பா ஆகிவிடுவார். குரலும் அரை சுருதி இறங்கும். மாலையில் அதே இடத்தில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

தாத்தாவின் கதையை எத்தனையோ முறை கேட்டிருந்தும், எனக்கும் ஒரு புளியமரம் இருக்கிறது என்று புரிய மூன்று வருடம் ஆனது. அவர் செருப்பைக் கழற்றினார், நான் நாக்கை.

பிறகு வடக்கே ஒரு நகரத்தில் கருத்தரங்கு. அதுதான் நான் தனியாகப் போன முதல் நெடும்பயணம். விடுதி அறையைப் பகிர்ந்துகொண்ட பெண் மிக இனிமையானவள். "முழுப் பெயர் என்ன?" என்றாள். "அதுதான் முழுப் பெயர்" என்றேன். 1929 செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொன்னவர்கள் புண்ணியத்தில் என் பெயருக்குப் பின்னால் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அவள் விடவில்லை. அப்பா பெயர்? என்ன வேலை? சைவமா, அசைவமா? எந்த மாதிரி அசைவம்? வீட்டில் என்ன சாமி? மூன்று நாளும் அவள் ஒருமுறைகூடச் சாதியைக் கேட்கவில்லை. மூன்று நாளும் அதை மட்டுமே கேட்டாள். என் கட்டுரையை வாசித்த நினைவு மங்கலாக இருக்கிறது, அவளுக்குச் சொன்ன பதில்கள் வரிசையாக நினைவிருக்கின்றன. போன ஊரின் கோட்டையும் பூங்காவும் பார்க்கத்தான் செய்தேன். அங்கே நின்றபோதும் அடுத்த கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன். பயணத்தில் மனம் லேசாகிறது என்கிறார்கள். பாதி மனம் வாசலில் காவல் நின்றால் மிச்சப் பாதிதானே ஊர் பார்க்கும்?

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நானும் கேட்கிறவள்தான். தென் மாவட்டத்திலிருந்து புதிதாக ஒருவர் ஆய்வுக்கு வந்தால், "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வாய் வந்துவிடுகிறது. நான் கேட்பது ஆபத்து இல்லையே என்று தெரிந்துகொள்ள, அவள் கேட்டது எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் கேட்கப்படுகிறவர் காதில் அந்த வித்தியாசம் விழுமா என்று தெரியவில்லை.

நைனாவுக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் லடாக் நண்பரை வெல்லக்கூடிய ஒரே பயணி அவர்தான். இருபது வருடம் லைன் வண்டி ஓட்டினார். விஜயவாடா, புவனேஸ்வர், கொல்கத்தா, சில சமயம் குவாஹாட்டி வரை. யாரும் அவரைப் பயணி என்று சொன்னதில்லை, டிரைவர் என்பார்கள். உடம்பு தளர்ந்த பிறகு உள்ளூரிலேயே கண்டெய்னர் டிரெய்லர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்ற நாட்கள் எத்தனையோ. டிரெய்லருக்கு அடியில் அடுப்பு மூட்டி, சக்கரத்தில் சாய்ந்து தூங்கி, இரண்டு நாளில் இரண்டு கிலோமீட்டர் நகர்ந்த பயணங்கள். (எங்கள் பக்கம் வருவதெல்லாம் இப்படித்தான். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வது நின்றது. நிலக்கரி நேராக எண்ணூருக்கு வந்தது. தூசிக்கும் வடக்குப் பக்கம்தான் டிக்கெட் போடுகிறார்கள்.)

அந்த இருபது வருடம் அவரை மாற்றியிருக்கிறது. எண்ணூர், அத்திப்பட்டு, மணலி ஆலைகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் தொழிலாளர்கள் எங்கள் பகுதியில் அறைக்கு எட்டு பத்துப் பேராக வாடகைக்கு இருக்கிறார்கள். எங்கள் தெருவில் அவர்களை 'வடக்கன்' என்று சொல்லாத ஒரே ஆள் நைனா. உடைந்த ஒடியாவும் லாரி இந்தியும் கலந்து பேசுவார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றும்போது நடுவில் நின்று மொழிபெயர்ப்பார். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவியபோது, அந்தப் பையன்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். நைனா தட்டித் திறந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார். "பாலேஸ்வர் பக்கம் வண்டி கவுந்தப்போ என்னை மூணு நாள் சோறு போட்டு வச்சிருந்தானுங்க, எவன் என்னை யாருன்னு கேட்டான்?" என்றார்.

இங்கேயே நிறுத்தினால் அழகான கதை. ஆனால் இதே நைனா, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில், தெலுங்கு பேசும் அந்தக் குடும்பங்களின் வீட்டில், இன்றுவரை ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஆந்திராவில் நூறு ஓட்டலில் சாப்பிட்டவர். தெலுங்கு தெரிந்தவர். அந்த முப்பது அடியை மட்டும் கடந்ததில்லை. கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பழக்கம் இல்ல" என்பார். சண்டை போட்டிருக்கிறேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். மாறவில்லை. குவாஹாட்டி வரை போன மனிதரின் பயணம் எங்கள் சந்து முனையில் நின்றுபோயிருக்கிறது. எங்களுக்கு மேலே இருப்பவர்களைப் பற்றிப் பத்திப் பத்தியாக எழுத எனக்கு வருகிறது, இந்த ஒரு பத்தியை எழுத இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

அரசு நடத்திவைக்கும் பயணமும் ஒன்று உண்டு. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்களே, அதுவும் இடப்பெயர்ச்சிதான். வேலை இங்கே, வீடு அங்கே. ஒரு நாளின் மூன்று நான்கு மணி நேரம் பேருந்தில். முகவரியைச் சொன்னதும் வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்கே வாழ்கிற இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாதியைக் கேட்காமலே கேட்க பின்கோடு போதும். அவர்களிடம் போய்ப் பயணம் மனதை விரிக்கும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அம்மாவைப் பற்றி மட்டும் மகிழ்ச்சியாக எழுத முடியும். முப்பது வருடம் வீட்டு வேலைக்குப் போனவள். அவளுக்குத் தெரிந்த ஊர் என்றால் வேலைக்குப் போகும் வீடு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கோயில். எங்கே போனாலும் ஒரு காரணம் இருக்க வேண்டும், காசு கணக்கு இருக்க வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவிப்பு வந்தது. முதல் சில மாதம் வேலைக்கு மட்டும் போனாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளைக் காணவில்லை. இருட்டியதும் வந்தாள். பிராட்வேயில் மாறி பெசன்ட் நகர் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாளாம்.

"நம்மூர்ல கடல் இல்லியா? எதுக்குப் போன?" என்றார் நைனா.

"சும்மாதான்."

ஐம்பத்திரண்டு வயதில் என் அம்மா முதல் தடவையாகச் சும்மா ஒரு இடத்துக்குப் போனாள். அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தில் ஒரு திமிர் இருந்தது. பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. அண்ணா நகர், தி. நகர், ஒரு நாள் கிண்டி. எதுவும் வாங்க மாட்டாள், ஏறி, சன்னலோரம் பிடித்து, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவாள். வேலை செய்யும் வீட்டில் சம்பளம் ஏற்றிக் கேட்டது அந்த வருடம்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நிரூபிக்க என்னிடம் தரவு இல்லை, என் ஆய்வு நெறியாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் நான் அந்த வீட்டில் வாழ்கிறவள். ஓர் அமைச்சர் மேடையில் 'ஓசி' என்று கேலி பேசியபோது, தொலைக்காட்சியைப் பார்த்து அவள், "உன் அப்பன் வூட்டு பஸ்ஸா?" என்று கேட்டாள். நைனா ஒலியைக் குறைத்துவிட்டார்.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதன் பிறகு சில மாதங்கள் கழித்து, மாமனார் ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அம்மா கிளம்பினாள். அங்கே எங்களுக்கென்று இப்போது வீடில்லை, தூரத்து உறவு ஒன்றிரண்டு பேர். சென்ட்ரலில் ரயிலேறி வாலாஜா ரோட்டில் இறங்கினோம். புளியமரத்தைக் காட்டு என்று தாத்தாவைக் கேட்டு வைத்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், வழியில் மரமே குறைவு.

நிலையத்து வாசலில் ஆட்டோக்காரர், என் வயதுதான் இருக்கும், ஊர்ப் பெயரைச் சொன்னதும் கேட்டார்.

"ஊருக்கா, காலனிக்கா?"

நான் வழக்கம்போல் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"காலனிக்குத்தாம்பா. எவ்ளோ?"

"நூத்தம்பது."

"ஊருக்கு?"

"அதுவும் நூத்தம்பதுதாம்மா. ஒரே தூரம்தான்."

"அப்ப இன்னாத்துக்குக் கேட்ட?"

அவர் பதில் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பினார். அம்மா புதுச் செருப்புக் காலைக் கம்பிமேல் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.